ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்: அழிக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்கள் பழகிய பின் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கிறது. லினக்ஸும் போட்டுப் பார்க்க ஆசை. போட்டால் விண்டோஸ் போய்விடுமா? என் பைல்கள் எல்லாம் அழிந்துவிடுமா?"

முறையாகச் செய்தால் எதுவும் அழியாது. முறை தவறினால் என்ன ஆகும் என்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். தவறைச் செய்ததும் என் கைதான். அந்த அனுபவத்தையும், இப்போது நான் பின்பற்றும் வழிகளையும் இங்கு தருகிறேன்.

டூயல் பூட் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடி மெமரிக்குக் கொண்டு வருகிறது. இதைத்தான் பூட் ஆவது என்கிறோம். ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பல பிரிவுகளாக, அதாவது பார்ட்டிஷன்களாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸும் இன்னொன்றில் லினக்ஸும் வைத்திருந்தால் அது டூயல் பூட். ஆன் செய்தவுடன் ஒரு பட்டியல் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். மற்றதற்குச் செல்ல ரீஸ்டார்ட் செய்திட வேண்டும்.

இந்தப் பட்டியலைக் காட்டும் சிறிய புரோகிராமுக்கு பூட் லோடர் என்று பெயர். லினக்ஸுடன் வரும் பூட் லோடரின் பெயர் கிரப். வீட்டு வாசலில் நிற்கும் காவலாளியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நம் ஊர் லினக்ஸ்

டூயல் பூட் என்பது நிபுணர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது அரசு மூலமே வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாங்கி மாணவர்களுக்குத் தரப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இதை உருவாக்கி 2007ல் வெளியிட்டது.

இதில் எங்கள் தாம்பரம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையம் 2005ல் அமைந்தபோது, அதைச் சேர்ந்து நடத்தியவை இரண்டு. ஒன்று சி-டாக் சென்னை. மற்றொன்று குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகும்போது நாம் தினமும் பார்க்கும் அதே எம்.ஐ.டி. தான். அப்துல் கலாம் படித்த வளாகம் என்று எல்லோருக்கும் தெரியும். லினக்ஸ் வேலையும் அங்கே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில், லேப்டாப்பை ஆன் செய்தவுடன் வரும் பட்டியலில் இரண்டாவது வரி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "அது இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். அங்கேதான் தவறு நடந்தது.

நான் செய்த தவறு

என் அக்கா வீடு அப்போது முடிச்சூரில். அக்கா மகளுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு லேப்டாப் கிடைத்தது. 2014ல் அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. "மாமா, சி டிரைவ் ஃபுல் ஆயிடுச்சு. லினக்ஸ நான் தொடறதே இல்ல. எடுத்துட்டு அந்த இடத்த குடுங்களேன்" என்றாள். இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் விண்டோவைத் திறந்தேன். பெயரும் எழுத்தும் இல்லாமல் இருந்த பார்ட்டிஷன்களை ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. அதில் இரண்டே வரிகள். அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஒரு வரி. அதன் கீழே கிரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி. பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் வரவில்லை.

நடந்தது இதுதான். பழைய பயாஸ் முறை லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் கிரப்பின் ஒரு துளி மட்டும் இருக்கும். மற்ற பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். நான் அந்தப் பார்ட்டிஷனை அழித்ததும், வாசலில் காவலாளி நிற்கிறார், ஆனால் அவர் கையில் இருந்த நோட்டுப் புத்தகம் போய்விட்டது. விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

இது அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். அதற்கு முந்தைய ஆண்டு என் அத்தான் காலமாகியிருந்தார். அவருடைய போனில் இருந்த போட்டோக்கள், மகள் பிறந்த நாளுக்கு அவர் பேசிப் பதிவு செய்த இரண்டு ஆடியோ பைல்கள், எல்லாம் அதில்தான். போன் பழுதாகி எப்போதோ போய்விட்டது. வேறு காப்பி இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா போல்டர் இருக்குமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அருகில் இருந்த ஒரு கடையில் காட்டினேன். பார்மட் செய்துதான் விண்டோஸ் போட முடியும், டேட்டா கிடைக்காது என்றார்கள். நல்ல வேளை, கொடுத்துவிட்டு வரவில்லை. நண்பர் ஒருவரிடம் உபுண்டு லினக்ஸ் இருந்த பென் டிரைவ் கிடைத்தது. அதைச் செருகி பூட் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் இன்ஸ்டால் செய்திடாமல், பென் டிரைவில் இருந்தே லினக்ஸ் இயங்கியது. இதை லைவ் முறை என்பார்கள். பைல் மேனேஜரைத் திறந்தால் விண்டோஸ் டிரைவ் அப்படியே இருந்தது. அதற்குள் அப்பா என்ற போல்டர். டபுள் கிளிக் செய்தேன். ஆடியோ பைலை ஓட விட்டேன். அத்தான் குரல் வந்தது. அக்கா சமையலறையில் இருந்து வெளியே வந்து நின்றார்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தோம். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் சார்ஜரைக் கழற்றவே இல்லை. அதன் பின் காலியாகக் கிடந்த இடத்தில் உபுண்டுவை இன்ஸ்டால் செய்தேன். புதிய கிரப் வந்தது. அதுவே விண்டோஸைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்தது. வேண்டாம் என்று அழித்த லினக்ஸ்தான் விண்டோஸைத் திருப்பிக் கொடுத்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டில் தரைத்தளம் முழுவதும் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த லேப்டாப் போய்விட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சேலையூரில் என் வீட்டு அலமாரியில் இருந்ததால் அத்தான் போட்டோக்கள் பிழைத்தன. எனவே பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதில் ஒரு காப்பி வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது ஏன் மீண்டும் டூயல் பூட்?

அக்கா மகள் இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். வீட்டில் இருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். 2016ல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்து கொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் என அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 வசதியும் மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். அவளுடைய பிராசசர் அந்தப் பட்டியலில் இல்லை.

அவளுக்கு டேலி வேண்டும். அது விண்டோஸில்தான் இயங்கும். இன்டர்நெட் பேங்கிங், மெயில், பிள்ளையின் பள்ளி வேலை இவற்றுக்குப் பாதுகாப்பான சிஸ்டம் வேண்டும். கணக்குக்கு விண்டோஸ், இன்டர்நெட்டுக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்வது அவளுக்குச் சரியாக இருந்தது. உங்கள் தேவை இப்படி இரண்டாகப் பிரிந்தால் மட்டும் டூயல் பூட் செய்திடுங்கள். வெறும் ஆசைக்குத்தான் என்றால் பென் டிரைவில் லைவ் முறையில் ஓட்டிப் பார்த்தாலே போதும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட். இலவசம். பழைய லேப்டாப்பில் இயங்க ஏற்ற எக்ஸ்எப்சிஇ என்ற பதிப்பும் உள்ளது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒதுக்கி, இந்த வரிசையில் செய்தோம்.

1. பேக்கப்: முக்கிய பைல்களை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடவும். டேலி டேட்டா போல்டரை மறக்க வேண்டாம். காப்பி ஆனதும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து பைல்களைத் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

2. பூட் முறை: ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என டைப் செய்து திறக்கவும். அதில் பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். இதைக் குறித்துக் கொள்ளவும். லினக்ஸ் பென் டிரைவையும் இதே முறையில்தான் பூட் செய்திட வேண்டும். இரண்டும் மாறினால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

3. என்கிரிப்ஷன்: செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் ஆன் ஆகி உள்ளதா எனப் பார்க்கவும். ஆன் ஆகி இருந்தால், பூட் அமைப்பில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அந்த எண் கையில் இல்லை என்றால் உங்கள் பைல்களை நீங்களே திறக்க முடியாது. எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதி வைக்கவும். அல்லது என்கிரிப்ஷனை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்கவும்.

4. பாஸ்ட் ஸ்டார்ட்அப்: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் செல்லவும். பவர் பட்டன் என்ன செய்திட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் டர்ன் ஆன் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இது ஆன் ஆகி இருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் எழுதுவது பைல்களுக்கு ஆபத்து.

5. இடம் ஒதுக்குதல்: விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் தேர்ந்தெடுக்கவும். சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ஷிரிங்க் வால்யூம் கொடுக்கவும். எவ்வளவு குறைக்க வேண்டும் என எம்பி கணக்கில் கேட்கும். 60 ஜிபி வேண்டும் என்றால் 61440 என டைப் செய்திடவும். முடிந்ததும் அன்அலகேட்டட் என்று கறுப்புப் பட்டையுடன் ஒரு காலி இடம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடவும். புதிய டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம். பெயர் இல்லாத சிறு பார்ட்டிஷன்கள் பக்கத்தில் தெரிந்தால் தொட வேண்டாம். பெயர் இல்லாதது எல்லாம் வேண்டாதது அல்ல என்பதை நான் எப்படிக் கற்றேன் என்று மேலே படித்தீர்கள்.

6. பென் டிரைவ்: லினக்ஸ் மின்ட் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் செய்திடவும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் ஐஎஸ்ஓவை பென் டிரைவில் எழுதவும். பென் டிரைவில் உள்ள பழைய பைல்கள் அழிந்துவிடும் என்பதால் முதலில் காலி செய்து கொள்ளவும்.

7. முதலில் லைவ்: பென் டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவுக்கான கீயைத் தட்டவும். லேப்டாப் நிறுவனத்தைப் பொறுத்து எப் 12, எப் 9 அல்லது எஸ்கேப் என மாறும். மின்ட் திரை வந்ததும் உடனே இன்ஸ்டால் செய்திட வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர், டச்பேட், கேமரா இயங்குகிறதா என்று அரை மணி நேரம் சோதிக்கவும். இங்கே வேலை செய்யாதது இன்ஸ்டால் செய்த பின்னும் தகராறு செய்திட வாய்ப்பு உண்டு.

8. இன்ஸ்டால்: சார்ஜரை மாட்டிக் கொள்ளவும். பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானை டபுள் கிளிக் செய்திடவும். மொழி, கீபோர்டு கேள்விகளுக்குப் பின் முக்கியமான திரை வரும். விண்டோஸுடன் சேர்த்து, அலாங்சைட், இன்ஸ்டால் செய்திடவா என்பது ஒரு வரி. எரேஸ் டிஸ்க் என்பது இன்னொரு வரி. எரேஸ் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் உங்கள் பைல்களும் மொத்தமாகப் போய்விடும். முதல் வரியைத் தேர்ந்தெடுக்கவும். அந்த வரியே காணவில்லை என்றால் மேலே போக வேண்டாம். குவிட் கொடுத்து வெளியே வந்து, இரண்டாவது படியில் குறித்த பூட் முறையைச் சரிபார்க்கவும்.

இந்தத் திரையில் அக்கா மகளின் கை மவுஸில் இருந்தது. "மாமா, நீங்களே கிளிக் பண்ணுங்க" என்றாள். "படிச்சுப் பார்த்துட்டு நீயே பண்ணு" என்றேன். உரக்கப் படித்துவிட்டுக் கிளிக் செய்தாள். நீங்களும் அப்படியே செய்திடுங்கள்.

இன்ஸ்டால் செய்த பின்

ரீஸ்டார்ட் ஆனதும் கிரப் பட்டியல் வரும். முதலில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, டேலி திறக்கிறதா எனப் பார்க்கவும். பின் லினக்ஸுக்கு வரவும். பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் வந்தால் பயப்பட வேண்டாம். யுஇஎப்ஐ செட்டப்பில் பூட் ஆர்டர் பகுதிக்குச் சென்று லினக்ஸை முதல் இடத்துக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

சில லேப்டாப்களில் லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். லினக்ஸ் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று எடுத்துக் கொள்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் வரும் வித்தியாசம் இது. விண்டோஸில் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ் சென்று சிங்க் நவ் கொடுத்தால் நேரம் சரியாகும்.

இன்னொன்று. லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவ்களைத் திறந்து படிக்கலாம். ஆனால் லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகத் திறந்து காட்டாது. எனவே இரண்டிலும் தேவைப்படும் பைல்களை டி டிரைவில் வைக்கவும்.

பின்னாளில் லினக்ஸ் வேண்டாம் என்றால்?

நான் செய்தது போல் முதலில் பார்ட்டிஷனை அழிக்க வேண்டாம். வரிசை முக்கியம். யுஇஎப்ஐ லேப்டாப்பில் பூட் ஆர்டரில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைக்கவும். கிரப் வராமல் விண்டோஸ் நேராக வருகிறதா என இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கவும். பழைய பயாஸ் லேப்டாப் என்றால் விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க்கில் பூட் செய்து, விண்டோஸின் பூட் பகுதியை மீண்டும் எழுத வேண்டும். விண்டோஸ் தானாக எழுந்து நிற்கிறது என்று உறுதியான பின்தான் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்க வேண்டும். எந்த நேரமும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று மேசை டிராயரில் இருக்கட்டும். லேப்டாப் பூட் ஆகாத நாளில் உங்கள் பைல்களைத் திறந்து காட்டப் போவது அதுதான்.

கூடுவாஞ்சேரியில் அன்று மாலை எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அக்கா மகள் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு துணிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "இது சேலையூர்லயே இருக்கட்டும் மாமா" என்றாள். உங்கள் லேப்டாப்பில் கை வைக்கும் முன், நீங்களும் அப்படி ஒரு பையை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். அதன் பின் தாராளமாக முயன்று பாருங்கள்.